பழைய டிராக்டரின் டைனமோ, கட்அவுட், வயரிங் பழுது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1960, 70களில் வயலுக்கு வந்த மாஸி ஃபெர்குசன், ஃபோர்ட்சன் வண்டிகளைப் பொன்னேரி, செங்குன்றம், திருவள்ளூர், மதுராந்தகம் பக்கம் இன்றும் உழவிலும் தண்ணீர் டேங்கர் இழுவையிலும் பார்க்கலாம். என்ஜின் கெட்டியாக இருக்கும். முதலில் கைவிடுவது மின்சாரப் பக்கம்தான். கீழே உள்ள அளவுகளெல்லாம் 12 வோல்ட் பேட்டரியும் லூகாஸ் வகை டைனமோவும் (என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் தருவது) தனியாக ஒரு கட்அவுட் பெட்டியும் (டைனமோவையும் பேட்டரியையும் இணைத்துப் பிரிப்பது) உள்ள டீசல் டிராக்டருக்கானவை. ஆல்டர்னேட்டர் போட்ட வண்டிகளுக்குத் தனியாகப் பதில் உண்டு.

சார்ஜ் ஏறவில்லை. டைனமோவைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போகவா?

இப்போதே வேண்டாம். கடைக்கு வரும் டைனமோக்களில் நிறைய நல்ல டைனமோக்கள். கோளாறு பெல்ட்டிலோ எர்த்திலோ (வண்டியின் இரும்பு வழியாகக் கரன்ட் திரும்பும் பாதை) கட்அவுட் முனையிலோ (சேர்ந்து பிரியும் தொடுபுள்ளி) இருக்கும். டைனமோவைப் பிரித்து மாட்டியபின்னும் அது அப்படியே இருக்கும். வண்டியிலேயே இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் பேட்டரி. வண்டி ஒரு இரவு நின்றபின் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போயிருந்தால் அந்தப் பேட்டரியை வைத்துக்கொண்டு எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். வெளியே சார்ஜ் ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள். மூடி கழற்றக்கூடிய பேட்டரியில் ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை அளப்பது) இன்னும் உண்மையைச் சொல்லும். நம் ஊர் வெப்பத்துக்கு நிரப்பும் ஆசிட்டில் முழுச் சார்ஜுக்கு 1.230 முதல் 1.250 வரை காட்டும். ஆறு அறையில் ஒன்று மட்டும் 0.050 குறைந்திருந்தால் அந்த அறை போய்விட்டது; டைனமோவைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்து ஃபேன் பெல்ட். இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மி.மீ. வரை இறங்கலாம். இறுக்கம் சரியாக இருந்தும் வழுக்கினால் புல்லியின் பள்ளத்தைப் பாருங்கள். பள்ளத்தின் அடி பளபளவென்று தேய்ந்திருந்தால் பெல்ட் பக்கவாட்டில் பிடிக்காமல் அடியில் உட்கார்ந்து ஓடுகிறது. பெல்ட்டை மாற்றினாலும் சரியாகாது, புல்லியைத்தான் மாற்ற வேண்டும்.

மூன்றாவது எர்த். பெயின்ட் அடித்துப் புதுசாக்கிய வண்டிகளில் இது மிகச் சாதாரணம். டைனமோ பிராக்கெட், கட்அவுட் பெட்டி உட்காரும் தகடு, பேட்டரி எர்த் கேபிளின் போல்ட் என்று எல்லாவற்றின் அடியிலும் பெயின்ட் போய் உட்கார்ந்திருக்கும். என்ஜின் ஓடும்போது டைனமோ உடம்பில் ஒரு முள், பேட்டரியின் எர்த் போஸ்ட்டில் ஒரு முள் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கி மாட்டுங்கள்.

என்னென்ன கருவி வேண்டும்?

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் பல்பில் வயர் பற்றவைத்த டெஸ்ட் லேம்ப், ஹைட்ரோமீட்டர், மரத்துக்குத் தேய்க்கும் மெல்லிய உப்புத்தாள், ஃபீலர் கேஜ், பாலிஷ் வேலைக்கான ஸ்பிரிட். பழைய வண்டியின் நட்டுகள் பெரும்பாலும் இன்ச் அளவு. மி.மீ. ஸ்பேனரைப் போட்டு முனையை உருட்டிவிடாதீர்கள். கையில் மோதிரம், இரும்பு வாட்ச் பட்டை இருந்தால் கழற்றி வைத்துவிட்டு வேலையில் இறங்குங்கள்.

என் வண்டியில் பேட்டரியின் பிளஸ் முனை பாடியில் மாட்டியிருக்கிறது. யாரோ தவறாக மாட்டிவிட்டார்களா?

இல்லை. டைனமோ காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகளில் பிளஸ் எர்த்தாக இருப்பது இயல்பு. கூட ஓர் எல்இடி விளக்கோ செல்போன் சார்ஜரோ மாட்டும்வரை இதனால் தொல்லை இல்லை. ஒன்றை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: கழற்றும்போது பாடிக்குப் போகும் முனையை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். அது பிளஸ்ஸா மைனஸா என்பது இதில் முக்கியமில்லை.

நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற விரும்பினால் மாற்றலாம். பேட்டரி கேபிள்களை மாற்றி மாட்டுங்கள். பிளஸ் போஸ்ட் மைனஸைவிடத் தடிமன், ஆகவே கிளாம்ப்பும் மாற்ற வேண்டிவரும். அம்மீட்டரின் பின்னால் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள், இல்லையென்றால் முள் தலைகீழாகக் காட்டும். டைனமோவைப் போலரைஸ் செய்யுங்கள், அதாவது அதன் இரும்பில் காந்தத்தைச் சரியான திசையில் பதியுங்கள். அதன் முறை கீழே இருக்கிறது. செல்ஃப் மோட்டாரைத் தொடவே வேண்டாம். அதில் ஃபீல்டும் (நிலையாக நிற்கும் காந்தக் காயில்) ஆர்மேச்சரும் (சுற்றும் காயில்) தொடராக இருப்பதால் எந்தப் பக்கம் மாட்டினாலும் அதே திசையில்தான் சுற்றும். சாதாரண பல்புகளுக்கும் கவலையில்லை.

டைனமோ கரன்ட் தருகிறதா என்று வண்டியிலேயே எப்படிச் சோதிப்பது?

டைனமோவில் இரண்டு முனைகள். பெரியது டி, சிறியது எஃப். இரண்டு வயரையும் கழற்றி, எது எங்கே இருந்தது என்று அடையாளம் கட்டிவிடுங்கள். இதை மாற்றி மாட்டினால் கட்அவுட் பெட்டிக்குள் இருக்கும் ரெகுலேட்டர் முனை கருகும்.

முதலில் எஃப்-ஐ விட்டுவிட்டு டி முனைக்கும் டைனமோ உடம்புக்கும் நடுவில் மீட்டரை வைத்து என்ஜினை ஓட்டுங்கள். 1 முதல் 2 வோல்ட் வரை வந்தால் ஆர்மேச்சர், பிரஷ் (கரன்ட்டை வெளியே எடுக்கும் கரித்துண்டு) வழி இருக்கிறது, இரும்பில் காந்தமும் மிச்சம் இருக்கிறது என்று பொருள்.

இப்போது டி-யையும் எஃப்-ஐயும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். இணைத்த வயருக்கும் உடம்புக்கும் நடுவில் மீட்டர். ஐட்லிங்கில் தொடங்கி ஆக்சிலரேட்டரை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். வோல்ட் சட்டென்று ஏற வேண்டும். 20 வோல்ட்டைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் விடக் கூடாது. ரெகுலேட்டர் இல்லாமல் ஓடுவதால் ஃபீல்டு காயில் சூடாகிவிடும்.

மீட்டர் காட்டுவதிலேயே கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். ஒன்றுமே வரவில்லை என்றால் பிரஷ் ஒட்டவில்லை, அல்லது பிரஷ் ஹோல்டர் எர்த் ஆகியிருக்கிறது, அல்லது காந்தம் போய்விட்டது. அரை வோல்ட், ஒரு வோல்ட்டிலேயே நின்றால் ஃபீல்டு காயில். 4, 5 வோல்ட் வந்து அதற்கு மேல் ஏறவில்லை என்றால் ஆர்மேச்சர் வைண்டிங். 20 வரை நன்றாக ஏறினால் டைனமோவில் குறையில்லை. அதைக் கழற்றாமல் வயரையும் கட்அவுட்டையும் தேடுங்கள்.

என்ஜினை ஓட்டாமலும் ஒரு சோதனை உண்டு. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, டி, எஃப் இரண்டையும் இணைத்து, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து கரன்ட் கொடுங்கள். நல்ல டைனமோ மோட்டாராக மாறி நிதானமாக, எப்போதும் ஓடும் அதே திசையில் சுற்றும். விட்டுவிட்டுச் சுற்றினாலோ கையால் தள்ளிவிட்டால்தான் ஓடுகிறது என்றாலோ ஆர்மேச்சரில் ஒரு சுற்று போயிருக்கிறது.

டைனமோவைப் பிரித்துவிட்டேன். உள்ளே எதைப் பார்க்க வேண்டும்?

பின்மூடியைக் கழற்றியதும் அதன் உட்சுவரைப் பாருங்கள். ஈயம் சிதறி வட்டமாக ஒட்டியிருந்தால் அந்த டைனமோ அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. கம்யூட்டேட்டரின் (பிரஷ் உரசும் செம்புப் பட்டை வளையம்) பற்றவைப்பு உருகிப் பறந்த ஈயம்தான் அது. காரணம் பெரும்பாலும் ரெகுலேட்டராகத்தான் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் டைனமோவை மட்டும் கட்டி மாட்டினால் மறுபடி அதே கதிதான்.

பிரஷ்: சி40 என்ற லூகாஸ் மாடல் டைனமோவில் 7 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். நீளம் இருந்தும் ஹோல்டரில் சிக்கி நிற்கிற பிரஷ்கள் உண்டு. வயரைப் பிடித்து இழுத்துவிட்டால் ஸ்பிரிங் பலத்தில் டக்கென்று உட்கார வேண்டும். சிக்கினால் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, பிரஷ்ஷின் பக்கங்களை லேசாகத் தேயுங்கள். புதுப் பிரஷ்ஷின் முகம் தட்டையாக இருக்கும். கம்யூட்டேட்டரில் உப்புத்தாளைச் சுற்றி, சொரசொரப்புப் பக்கம் வெளியே இருக்க, ஆர்மேச்சரைச் சுற்றி முகத்தை வளைவாக்குங்கள். பிறகு தூளை ஊதிவிடுங்கள்.

கம்யூட்டேட்டர்: சீராகப் பழுப்பேறிய செம்பு நிறம் ஆரோக்கியம். ஒன்றிரண்டு பட்டைகள் மட்டும் கருகியிருந்தால் அந்தப் பட்டைக்கு வரும் காயில் விட்டுப்போயிருக்கிறது. மேலோட்டமான கறைக்கு உப்புத்தாள் போதும். எமரி கூடாது, அதன் தூள் செம்பில் பதிந்து பிரஷ்ஷைத் தின்னும். பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் மெல்லியதாக ஒரு கட் கொடுக்கச் சொல்லுங்கள். கட் கொடுத்தபின் பட்டைகளுக்கு நடுவில் உள்ள மைக்கா செம்போடு சமமாக வந்து நிற்கும். அதை 0.8 மி.மீ. ஆழம் இறக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் வார்த்த வகையாக இருந்தால் அரை மி.மீ. போதும். ஹாக்ஸா பிளேடு ஒன்றை மைக்காவின் அகலத்துக்குச் சாணை பிடித்தால் அதுவே கருவி. இந்த வேலையைச் செய்யாமலே திருப்பித் தரும் கடைகள் இருக்கின்றன. வாங்கும்போது நகத்தை ஓட்டிப் பாருங்கள், பட்டைக்குப் பட்டை நகம் தட்ட வேண்டும்.

ஃபீல்டு காயில்: எஃப் முனைக்கும் உடம்புக்கும் நடுவில் சுமார் 6 ஓம். மிகக் குறைவாகக் காட்டினால் உள்ளே ஷார்ட். ஓபன் என்றால் பெரும்பாலும் காயிலின் உள்ளே அல்ல, முனையில் பற்றவைத்த இடத்தில்தான் விட்டிருக்கும். மறுபடி பற்றவைத்து டேப் சுற்றிப் பாருங்கள். நாலு ஓம் காட்டும் காயிலை ‘ஓடுகிறதே’ என்று விட்டுவிடக் கூடாது. கூடுதல் கரன்ட் இழுத்து ரெகுலேட்டர் முனையைக் கருக்கும்.

பின்பக்கப் புஷ்: ஆர்மேச்சர் ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. ஆட்டம் இருந்தால் ஆர்மேச்சர் போல்ஷூவில் (ஃபீல்டு காயிலைத் தாங்கும் இரும்பு) உரசும். இரும்பில் பளபளப்பான கீறல் தெரியும். புதுப் புஷ் எண்ணெய் குடிக்கும் வெண்கலம். மாட்டுவதற்கு முன் எஸ்ஏஇ 30 என்ஜின் ஆயிலில் 24 மணி நேரம் ஊற வேண்டும். அவசரம் என்றால் 100 டிகிரி சூட்டில் 2 மணி நேரம். ஊறாத புஷ் சில வாரத்தில் சத்தம் போடும். மாட்டியபின் பின்மூடியின் எண்ணெய்த் துளையில் எப்போதாவது இரண்டு மூன்று சொட்டு விட்டால் போதும். நிறைய விட்டால் அது பிரஷ்ஷுக்குத்தான் போய்ச் சேரும்.

போலரைஸ் செய்வது எப்படி? எப்போது தேவை?

டைனமோவைப் பிரித்து மாட்டினாலோ நீண்ட நாள் சும்மா கிடந்தாலோ எர்த்தை மாற்றினாலோ செய்ய வேண்டும். டைனமோவின் எஃப் முனையில் உள்ள வயரைக் கழற்றுங்கள். பேட்டரியை எந்த எர்த்தில் ஓட்டப் போகிறீர்களோ அப்படியே மாட்டியிருக்க வேண்டும். எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து, என்ஜின் நிற்கும்போது, டைனமோவின் எஃப் முனையில் இரண்டு மூன்று தடவை ஒரு நொடி தொட்டு எடுங்கள். சிறு பொறி வரும். வயரை மறுபடி மாட்டுங்கள், வேலை முடிந்தது. கழற்றாமல் செய்தால் அந்தக் கரன்ட் ரெகுலேட்டர் முனை வழியாகவும் ஓடும். அதனால்தான் கழற்றச் சொல்வது.

கட்அவுட் பெட்டிக்குள் இரண்டு காயில்கள் இருக்கின்றன. எது என்ன செய்கிறது? தேய்த்துச் சுத்தம் செய்யலாமா?

ஒன்று கட்அவுட்: டைனமோ பேட்டரியைவிட அதிக வோல்ட் தரும்போது மட்டும் இரண்டையும் இணைக்கும். மற்றது ரெகுலேட்டர்: ஃபீல்டு கரன்ட்டை விட்டுவிட்டுத் தந்து வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும். பேட்டரி இணையாதபோது முனை சேர்ந்து இருப்பது ரெகுலேட்டர், பிரிந்து இருப்பது கட்அவுட். அடையாளம் காண இது போதும்.

சுத்தம் செய்யலாம், ஆனால் இரண்டுக்கும் ஒரே தாள் கூடாது. ரெகுலேட்டர் முனை கடினமான உலோகம், அதற்கு மெல்லிய வாட்டர் பேப்பர் அல்லது சாணைக்கல் குச்சி. கட்அவுட் முனை மென்மை, அதற்கு உப்புத்தாள் மட்டுமே. இரண்டையும் கடைசியில் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். மெரினாவிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்று படும் இடங்களில் நிற்கும் வண்டிகளில் முனைகள் பச்சை பூத்திருக்கும். சார்ஜ் இல்லை என்று வரும் வண்டிகளில் இந்தத் துடைப்பிலேயே சரியாகிவிடுபவை கணிசம்.

ஆர்பி106 என்ற லூகாஸ் மாடல் பெட்டியில் சரிபார்க்க வேண்டிய அளவுகள்: கட்அவுட் 12.7 முதல் 13.3 வோல்ட்டுக்குள் சேர வேண்டும், 8.5 முதல் 11 வோல்ட்டுக்குள் விட வேண்டும். ரெகுலேட்டரைப் பார்க்க, பேட்டரிக்கும் விளக்குகளுக்கும் போகும் ஏ, ஏ1 முனைகளின் வயர்களைக் கழற்றி அவற்றைத் தமக்குள் இணைத்துவிடுங்கள். பெட்டியின் டி முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர். என்ஜின் வேகத்தை மெல்லக் கூட்டினால் முள் ஏறி, ஓரிடத்தில் படபடத்து நிற்கும். அது 16 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். பேட்டரி இணையாத நிலைக்கான கணக்கு இது, பயந்துவிடாதீர்கள். பேட்டரியை மாட்டியதும் இறங்கிவிடும். நின்ற வோல்ட் தவறாக இருந்தால் ரெகுலேட்டரின் ஸ்க்ரூவை கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பாருங்கள். உள்ளே திருப்பினால் கூடும், வெளியே திருப்பினால் குறையும். இதற்கு டிஜிட்டல் மீட்டரைவிட முள் மீட்டர் வசதி.

ஒவ்வொரு தடவையும் 30 நொடிக்குள் முடியுங்கள். காயில் சூடானால் அளவே மாறிவிடும். மதிய வெயிலில் சூடேறிய பெட்டியில் அளவு சற்றுக் குறைவாகவே வரும். அதைத் திருத்தப் போனால் காலையில் அதிகமாகிவிடும். ஆகவே காலை வேளையில் செய்வது நல்லது. முனையை வளைத்து ‘டென்ஷன் கூட்டுவது’ என்று ஒரு பழக்கம் இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது. ஏர் கேப் (காயிலுக்கும் முனைத் தகட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி) போய்விட்டால் ஸ்க்ரூவால் எந்த அளவும் வராது.

சிவப்பு சார்ஜ் விளக்கு எதைச் சொல்கிறது?

அந்த பல்பு சுவிட்ச்சுக்கும் டைனமோவின் டி முனைக்கும் நடுவில் நிற்கிறது. இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் வந்தால் அணையும். சாவியைத் திருப்பியும் எரியவே இல்லை என்றால் பல்பு போயிருக்கலாம், அல்லது பிரஷ் கம்யூட்டேட்டரைத் தொடவில்லை. ஐட்லிங்கில் மட்டும் மினுக்கினால் இயல்பு. டைனமோ ஓரளவு வேகத்துக்கு மேல்தான் கட்அவுட்டைச் சேர்க்கும். எந்த வேகத்திலும் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால் கட்அவுட் முனையில் அழுக்கு, அல்லது வழியில் ஒரு லக் (வயர் நுனியில் உள்ள உலோக மாட்டி) லூஸ். எந்த வேகத்திலும் பிரகாசமாகவே எரிந்தால் டைனமோ வேலை செய்யவில்லை.

என்ஜினை நிறுத்தினால் அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் போய் நிற்கிறது, டைனமோவும் சுடுகிறது.

உடனே பேட்டரி கிளாம்ப்பைக் கழற்றுங்கள். மற்றதெல்லாம் பிறகு. கட்அவுட் முனை ஒட்டிக்கொண்டிருக்கிறது, பேட்டரி முழுதும் டைனமோ வழியாக எர்த்துக்குப் பாய்கிறது. கொஞ்ச நேரம் விட்டால் டைனமோவும் வயரும் சேர்ந்து போகும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. முனையைப் பிரித்து உப்புத்தாளில் தேய்த்து, விடும் வோல்ட்டைச் சரிபார்த்த பின்புதான் பேட்டரியை மாட்ட வேண்டும். முனையில் குழி விழுந்திருந்தால் பெட்டியை மாற்றிவிடுங்கள்.

ஹெட்லைட் பல்பு அடிக்கடி போகிறது, பேட்டரியில் தண்ணீரும் வேகமாகக் குறைகிறது.

ஓவர்சார்ஜ். பேட்டரி நிறைந்தபின், என்ஜின் நடு வேகத்தில், பேட்டரி முனையில் 14.5-க்கு மேல் காட்டினால் உறுதி. ஸ்க்ரூவைத் திருப்பும் முன் பெட்டியின் எர்த் முனையைப் பாருங்கள். அந்த ஒரு வயர் விட்டுப்போனால் ரெகுலேட்டருக்கு வோல்ட் எவ்வளவு என்றே தெரியாது. டைனமோ கட்டுப்பாடில்லாமல் ஏற்றும். எர்த் சரி என்றால் ரெகுலேட்டர் முனை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

சித்திரை, வைகாசியில் நல்ல ரெகுலேட்டர் இருந்தும் தண்ணீர் கொஞ்சம் குறையும். கத்திரி வெயில் நாட்களில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை திறந்து பார்த்து, தகட்டுக்கு மேல் 10 மி.மீ. நிற்கும்படி டிஸ்டில்டு வாட்டர் மட்டும் விடுங்கள். போர் தண்ணீர் கூடாது, ஆசிட்டும் கூடாது.

செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது. புதுப் பேட்டரிதான்.

டீசல் என்ஜினின் செல்ஃப் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். அந்தக் கரன்ட்டில் சிறு அழுக்கும் பெரிய தடை. ஒருவரை ஸ்டாப் ராடை (என்ஜினுக்கு டீசலை நிறுத்தும் கம்பி) இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டர் வையுங்கள். பேட்டரியின் இரண்டு போஸ்ட்டுக்கு நடுவில் 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி. லைவ் போஸ்ட்டிலிருந்து செல்ஃப் முனை வரை அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் அந்தக் கேபிள் அல்லது சொலினாய்டு (செல்ஃபுக்குக் கரன்ட் விடும் சுவிட்ச்). செல்ஃப் உடம்பிலிருந்து எர்த் போஸ்ட் வரை அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் எர்த். முள்ளைக் கிளாம்ப்பில் அல்ல, போஸ்ட்டின் ஈயத்திலேயே குத்துங்கள். கிளாம்ப்பில் வைத்தால் கிளாம்ப்புக்கும் போஸ்ட்டுக்கும் நடுவில் உள்ள கோளாறு தெரியாது.

எல்லாம் சரியாக இருந்தும் மெதுவாக என்றால் செல்ஃப் மோட்டாரின் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசுகிறது. அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கார் பேட்டரியின் மெல்லிய கேபிளை மாட்டியிருந்தால் அதை முதலில் தூக்கிப் போடுங்கள், 50 சதுர மி.மீ. செம்புக் கேபிள் போடுங்கள்.

வயரிங் முழுவதும் மாற்ற வேண்டும். என்ன அளவு, என்ன நிறம்?

வீட்டு வயர் கூடாது. அதன் கனமான இழைகள் என்ஜின் அதிர்வில் லக் அருகே உடையும். ஆட்டோ வயர் 0.30 மி.மீ. மெல்லிழைகளால் ஆனது. டைனமோ டி முதல் பெட்டி, பெட்டி முதல் அம்மீட்டர், அங்கிருந்து பேட்டரி: 44 இழை, அதாவது 3 சதுர மி.மீ. ஹெட்லைட்டுக்கு 28 இழை. எஃப் வயர், டெயில் லைட், சிவப்பு விளக்கு, ஹாரன் பட்டன்: 14 இழை.

பழைய லூகாஸ் நிறங்களையே பின்பற்றினால் பிறகு பார்ப்பவருக்கும் உதவும். பிரவுன் பேட்டரி, மஞ்சள் டைனமோ டி, மஞ்சளில் பச்சைக் கோடு எஃப், நீலம் ஹெட்லைட், சிவப்பு டெயில் லைட், கறுப்பு எர்த். வீட்டு வயரிங்கில் கறுப்பு நியூட்ரல், இங்கே அது எர்த் என்பதை அதில் பழகியவர்கள் கவனியுங்கள்.

விளக்குகளின் எர்த்துக்கு மட்கார்டை நம்ப வேண்டாம், தனிக் கறுப்பு வயர் இழுங்கள். துருப்பிடித்த மட்கார்டு வழியே எர்த் கிடைக்காமல் டெயில் லைட் மங்குவது சென்னை ஈரக்காற்றில் ஒரு மழைக்காலத்திலேயே தொடங்கிவிடும். அம்மீட்டரின் பின்னால் உள்ள இரண்டு நட்டுக்கும் ஸ்பிரிங் வாஷர் போடுங்கள். வண்டியின் செல்ஃப் தவிர்ந்த கரன்ட் முழுவதும் அந்த நட்டு வழியாகத்தான் போகிறது. லூஸானால் டேஷ்போர்டுக்குள் புகை. பல பழைய வண்டிகளில் ஃபியூஸே கிடையாது. ஹெட்லைட் வழியில் 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றாவது சேருங்கள்.

டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடலாமா?

கணக்குப் போட்டு முடிவெடுங்கள். 45 வாட் ஹெட்லைட் இரண்டு, பின்னால் 35 வாட் உழவு விளக்கு, டெயில் லைட் 10 வாட் என்றால் மொத்தம் 135 வாட், சுமார் 11 ஆம்பியர். சி40 வகை டைனமோ 22 ஆம்பியர் தரும். பகலில் உழுது, எப்போதாவது இரவில் வீடு திரும்பும் வண்டிக்கு டைனமோ தாராளம். வண்டியின் பழமையைக் காக்க நினைத்தால் அதை எடுக்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து. ஒழுங்காகக் கட்டிய டைனமோ பல ஆண்டு ஓடும், ஒவ்வொரு பாகத்தையும் பழுதுபார்க்க முடியும். இரவு முழுக்க ஐட்லிங்கில் விளக்கோடு நிற்கும் வண்டி, அடிக்கடி நிறுத்தி எடுக்கும் டேங்கர் வண்டி என்றால் ஆல்டர்னேட்டர் போடுங்கள். அது குறைந்த வேகத்திலேயே சார்ஜ் தரும்.

போடும்போது கவனிக்க வேண்டியவை: நெகட்டிவ் எர்த் கட்டாயம், தலைகீழாக மாட்டினால் டயோடுகள் அந்த நொடியே போகும். கட்அவுட் பெட்டி இனி வேலை செய்யாது. டி, ஏ, ஏ1 வயர்களை ஒன்றாக இணைத்துவிடுங்கள். சிவப்பு விளக்கின் வயரை மட்டும் டி-யிலிருந்து பிரித்து, பழைய எஃப் வயரோடு சேர்த்து, ஆல்டர்னேட்டரின் சிறிய முனைக்குக் கொண்டுபோங்கள். அந்த பல்பு 2 அல்லது 3 வாட் இருக்க வேண்டும். அதன் வழியாக வரும் கரன்ட்டில்தான் ஆல்டர்னேட்டர் விழிக்கிறது. எல்இடி போட்டால் சார்ஜ் தொடங்காமலே போகலாம். 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்குப் பழைய 44 இழை வயர் தாங்காது, 84 இழை போடுங்கள். 30 ஆம்பியர் அம்மீட்டரையும் வழியிலிருந்து எடுத்துவிட்டு வோல்ட் மீட்டர் வையுங்கள்.

ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட். மீட்டரை ஏசி அளவில் வைத்து அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஒரு டயோடு போயிருக்கிறது. என்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றக் கூடாது. வண்டியில் வெல்டிங் செய்யும் முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் வயர்களையும் கழற்றிவிடுங்கள்.

வேறு வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யலாமா?

பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ், எந்த எர்த்தாக இருந்தாலும். ஒன்று பாசிட்டிவ் எர்த், மற்றது நெகட்டிவ் எர்த் என்றால் இரண்டு வண்டிகளின் இரும்பும் எங்கும் தொடக் கூடாது. பம்பர் டிராக்டரில் இடித்தாலே நேர் ஷார்ட். கேபிளை பாடியில் மாட்டாமல் நேரே பேட்டரி போஸ்ட்டுகளில் மாட்டுங்கள்.

சென்னையில் பாகங்கள், வேலை எங்கே கிடைக்கும்?

இந்த விஷயத்தில் சென்னைக்காரர்களுக்கு வசதி அதிகம். மாஸி ஃபெர்குசன் வண்டிகளைத் தயாரித்த டாஃபே 1960-இல் இங்கே தொடங்கியது. சிம்சன் டீசல் என்ஜின் செம்பியத்திலிருந்து வந்தது. டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் தந்த லூகாஸ் டிவிஎஸ் சென்னையின் பாடி பகுதியில் இருக்கிறது. அதனால் இந்த வகைகளைக் கையாண்ட கைகள் இன்னும் ஊருக்குள் இருக்கின்றன.

பழைய டைனமோ, பிராக்கெட், புல்லி, கட்அவுட் பெட்டி தேட புதுப்பேட்டை. புதுப் பிரஷ், புஷ், பேரிங், ஆட்டோ வயர், சுவிட்ச்சுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. மீட்டர், டயோடு, பற்றவைக்கும் ஈயம் ரிச்சி தெருவில். புதுப்பேட்டைக்குப் போகும்போது பழைய பாகத்தையும் மீட்டரையும் கையில் எடுத்துப் போங்கள். டைனமோவின் உடம்பில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள், சுற்றும் திசையையும் கேளுங்கள். எஃப் முனையில் 6 ஓம் காட்டாததை வாங்காதீர்கள். கட்அவுட் பெட்டியின் மூடியைத் திறந்து முனையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்து, உள்ளே காயில் கருகிய பெட்டிகள் அங்கே வரும். காயில் கட்டும் கடையில் ஆர்மேச்சரைக் கொடுக்கும்போது கிரவுலரில் (ஆர்மேச்சரில் ஷார்ட் இருக்கிறதா என்று காட்டும் கருவி) வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வேலை தெரிந்தவர் மறுக்க மாட்டார்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வண்டியை ஷெட்டில் நிறுத்தப் போகிறேன். என்ன செய்து வைக்க வேண்டும்?

பேட்டரியைக் கழற்றி, மேல்பாகத்தைச் சோடா உப்புக் கரைசலால் துடைத்து, கரைசல் உள்ளே போகாதபடி மூடிகளை இறுக்கி, பிறகு நல்ல தண்ணீரால் கழுவி உலர்த்துங்கள். முழுச் சார்ஜில் ஒரு மரப்பலகை மேல் வையுங்கள். மாதம் ஒரு தடவை சார்ஜ் ஏற்றுங்கள். கிளாம்ப்புகளுக்கு வாசலின் தடவுங்கள், ஆனால் மாட்டி இறுக்கிய பின்பு, மேலே மட்டும். கட்அவுட் பெட்டியின் மூடிக்கு அடியில் உள்ள ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். டைனமோவைப் பாலிதீன் பையால் சுற்றிக் கட்டாதீர்கள், உள்ளே வியர்த்துக் கம்யூட்டேட்டர் பச்சை பிடிக்கும். மேலே தார்ப்பாய் போட்டுக் கீழே காற்று வர விடுங்கள். தை பிறந்து வண்டியை எடுக்கும்போது பேட்டரியை மாட்டி, எஃப் முனையில் ஒரு தடவை போலரைஸ் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வேகத்தைக் கூட்டியதும் சிவப்பு விளக்கு அணைகிறதா, பேட்டரியில் 13 வோல்ட்டுக்கு மேல் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு வயலுக்கு விடுங்கள்.